பெற்றோருக்கு ‘சீனியர் லிவிங்’ சரிப்படுமா? வீட்டுப் பத்திரத்தைவிட முக்கியமான இன்னொரு பத்திரம்

போன மார்கழியில் ஒரு நாள், விடிகாலை 5 மணி. உறையூர் நாச்சியார் கோயில் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு பாத்ரூமில் அப்பாயி வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால், எழுந்திருக்க முடியவில்லை. செல்போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. ஆறரை மணிக்குப் பால் ஊற்ற வந்த அண்ணன், “ஆயா, பாத்திரம் வைக்கலையா?” என்று குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகப்பட்டுப் பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பியிருக்கிறார். இருவரும் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தூக்கும் வரை ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். வயது 76.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா அமெரிக்காவிலிருந்து ஒரு பிடிஎஃப் போட்டார். கோவையில் ஒரு ‘சீனியர் லிவிங்’ குடியிருப்பு. பச்சைப் புல்வெளி, சிரிக்கிற தாத்தா பாட்டிகள், யோகா ஹால். அத்தை உடனே, “முதியோர் இல்லத்துக்கா அனுப்பப் போறீங்க?” என்று அழுதார். அப்பா எதுவும் பேசவில்லை. அப்பாயி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அங்க மீன் கொழம்பு வைப்பாங்களா?”

“நீதான் பத்திரிகையில இருக்கியே, விசாரிச்சுச் சொல்லு” என்று வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் விசாரித்தேன். இரண்டு குடியிருப்புகளில் ஆளுக்கு ஓர் இரவு தங்கியும் பார்த்தேன். எங்கள் குடும்பத்துக்காகத் தேடியது, இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இது முதியோர் இல்லம் இல்லையா?

இல்லை. அத்தையின் அழுகைக்கும் பதில் இதுதான். முதியோர் இல்லம் என்பது பெரும்பாலும் ஆதரவற்றவர்களுக்கானது. அரசோ, அறக்கட்டளையோ நடத்துவது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. வசதியற்ற முதியோர் 150 பேராவது தங்கும் அளவில் மாவட்டத்துக்கு ஓர் இல்லத்தை மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது அதன் 19-வது பிரிவு. அந்த ‘லாம்’ எவ்வளவு வசதியானது என்பது அரசு அலுவலகங்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் போன்றவையும் இந்த வகைதான்.

சீனியர் லிவிங் வேறு. பணம் உள்ளவர்களுக்கான வணிகம் இது. 55 அல்லது 60 வயது தாண்டியவர்கள் மட்டும் குடியிருக்கும் வளாகம். தனித்தனி வீடு அல்லது ஃபிளாட். பொதுச் சமையலறை, நர்ஸ், ஆம்புலன்ஸ், வீடு கூட்டித் துடைக்க ஆள், படுக்கையிலும் பாத்ரூமிலும் அவசர மணி. வீட்டை விலைக்கு வாங்கலாம், பெரிய டெபாசிட் கட்டிக் குத்தகைக்கு இருக்கலாம், மாத வாடகைக்கும் போகலாம். மூன்றிலும் மாதாமாதம் சேவைக் கட்டணம் தனி.

தமிழ்நாட்டில் இதன் தலைநகரம் கோவை. 2000-களிலிருந்தே அங்கே இது வளர்ந்துவருகிறது. நானா நானி, கோவை கேர், கொலம்பியா பசிபிக் நிறுவனம் நடத்தும் ‘செரீன்’ என்று பெயர்கள் நீளும். சென்னைப் பக்கம் மறைமலை நகரில் ஆஷியானா இருக்கிறது. கோவையின் காற்று, பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்ததால் அங்கே பிடித்துக்கொண்டது. திருச்சிக்காரர்களுக்கு அது 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

தேவை கூடுமே தவிர குறையாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயது தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கை. பிள்ளைகள் எண்ணிக்கையோ தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8. அந்த 1.8-லும் ஒருவர் பெங்களூரில் இருப்பார், இன்னொருவர் விமானம் ஏறியிருப்பார்.

காசு கொடுத்து வாங்குவது வீட்டை அல்ல, ராத்திரியை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் போகும்போது பாதி வெறுப்போடுதான் போனேன்.

கோவையில் நான் சந்தித்த ஒரு பாட்டி, “அம்பது வருஷமா அடுப்படியில நின்னேன்பா. இங்க வந்த அன்னைக்குத்தான் எனக்கு முன்னாடி யாரோ தட்டு வச்சாங்க” என்றார். சீனியர் லிவிங் பற்றிய பேச்சில் நாம் பிள்ளைகளின் குற்ற உணர்வைப் பற்றியே பேசுகிறோம். 75 வயதில் தனக்கும் கணவருக்கும் மூன்று வேளை சமைக்கிற பெண்ணின் முதுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிளம்பரைத் தேடி அலைய வேண்டாம், மின்வாரியத்துக்கு ஃபோன் போட வேண்டாம், மோட்டார் போட மறந்தால் கவலை இல்லை. 2025 ஏப்ரலில் உறையூரில் குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டதாகப் புகார் எழுந்தபோது, தனியாக இருக்கும் முதியவர்கள் தண்ணீர் கேனுக்கு யார் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தோம். வளாகத்துக்குள் இதையெல்லாம் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.

ஆனால், யோசித்துப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை உறையூரிலேயே கிடைக்கும். கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து தர ஆள் இருக்கிறது. காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால், அந்த ஊரே யாரும் திட்டம் போடாமல் உருவான ஒரு சீனியர் லிவிங் மாதிரிதான். சென்னையிலும் மும்பையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் ஃபிளாட் வாங்கிக் குடிவந்தவர்கள் எத்தனையோ பேர். காலையில் ரங்கநாதர், மதியம் கேரியர் சாப்பாடு, சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் பேச்சுத் துணை. (வைகுண்ட ஏகாதசி நெரிசலில் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும் என்பது மட்டும் பெருமாள் விட்ட வழி.)

அரசு உதவியும் கொஞ்சம் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. புத்தூரில் அரசு தலைமை மருத்துவமனை, உறையூரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். 2025-26 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாயில் 25 ‘அன்புச்சோலை’ மையங்கள் அறிவிக்கப்பட்டன. முதியவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போகும் இடங்கள். அதே ஆண்டு நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் திருச்சியில்தான் அவற்றைத் தொடங்கிவைத்தார்.

கவனியுங்கள்: எல்லாமே பகலுக்கு. அப்பாயி விழுந்தது விடிகாலை 5 மணிக்கு.

சீனியர் லிவிங்கில் உண்மையிலேயே வேறு எங்கும் கிடைக்காத சரக்கு அந்த இரவுதான். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை, மணி அடித்தால் யாரோ வருவார் என்ற உறுதி. அதற்குத்தான் அத்தனை லட்சம். அப்படியானால் முதலில் சோதிக்க வேண்டியதும் அதைத்தான்.

நான் சோதித்தேன். முதல் குடியிருப்பின் விருந்தினர் அறையில் ராத்திரி 2 மணி 10 நிமிடத்துக்கு மணியை அழுத்தினேன். 11 நிமிடம் கழித்து வாட்ச்மேன் ஐயா டார்ச் லைட்டோடு வந்தார். நர்ஸ் அடுத்த பிளாக்கில் தூங்குகிறார், எழுப்பட்டுமா என்று கேட்டார். இரண்டாவது இடத்தில் மூன்றே நிமிடம்; நர்ஸே வந்தார், கையில் பிரஷர் பார்க்கும் கருவியோடு. என்னைப் பார்த்ததும் அவர் கோபப்பட்டது நியாயம்தான். மன்னிப்பு கேட்டேன். இரண்டு குடியிருப்புகளின் பிரவுச்சரிலும் ஒரே வாசகம்தான் இருக்கிறது: ‘24 மணி நேர நர்ஸிங் சேவை’.

இரண்டு பத்திரம், ஒரு சட்டம்

இனிதான் முக்கியமான இடம். இங்கே நீங்கள் வாங்குவது இரண்டு பொருள். ஒன்று வீடு, இன்னொன்று சேவை. வீட்டுக்கு ஒரு பத்திரம், சேவைக்கு ஒரு பத்திரம். சட்டம் முதல் பத்திரத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது.

வீடு விஷயத்தில் 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, ஓரளவு பலமாகவே நிற்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேலோ, 8 வீடுகளுக்கு மேலோ கட்டினால் பதிவு கட்டாயம். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். சாவி கொடுக்கத் தாமதமானால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர்தான் சரிசெய்து தர வேண்டும்.

ஆனால் மூன்றாவது வருஷம் சமையல்காரர் நின்றுவிட்டார், நர்ஸ் எண்ணிக்கை நான்கிலிருந்து ஒன்றாகிவிட்டது, டாக்டர் வாரம் ஒரு முறைதான் வருகிறார் என்றால்? கட்டடம் பளபளவென்று அப்படியே நிற்கும். நீங்கள் எதற்காக அங்கே போனீர்களோ அது மட்டும் இருக்காது. பல இடங்களில் கட்டுகிற நிறுவனம் ஒன்று, சேவை நடத்துகிற நிறுவனம் வேறு. கட்டியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். சேவை நிறுவனம், ‘இந்தக் கட்டணத்துக்குக் கட்டுப்படியாகவில்லை’ என்று கையை விரிக்கும்.

இந்த ஓட்டை தெரியாததல்ல. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. வழுக்காத தரை, கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் வாசல், அவசர மணி எல்லாம் உண்டு. ஆனால் அது வழிகாட்டுதல்தான். மாநிலம் கையில் எடுத்துக் கட்டாயமாக்கினால்தான் பல் முளைக்கும். மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2024 மே மாதம் அப்படித்தான் செய்தது: முதியோர் குடியிருப்பு என்று சொல்லி விற்றால் குறைந்தபட்ச விதிகளை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இந்தத் தொழிலில் முன்னால் ஓடுகிற தமிழ்நாட்டிலும் அது சட்ட பலத்தோடு வர வேண்டும். கோவையில் இத்தனை வருஷ அனுபவம் இருக்கும்போது நாம் மும்பையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது கொஞ்சம் வெட்கம்தான்.

நியூசிலாந்தில் 2003-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே முதியவர் கையெழுத்துப் போடும் முன் அவருக்கென்று ஒரு தனி வக்கீல் ஒப்பந்தத்தை விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் 15 வேலை நாட்களுக்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம். நம் ஊரில் சைட் பார்க்க வேனில் கூட்டிப்போய், மதியச் சாப்பாடு போட்டு, ‘இந்த மாசம் புக் பண்ணினால் ஆஃபர்’ என்று அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார்கள்.

டெபாசிட் கட்டிக் குத்தகைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை. ரெரா சட்டத்தில் ‘ஒதுக்கீடு பெற்றவர்’ என்பதற்கான விளக்கமே, வாடகைக்குத் தரப்பட்டவரைச் சேர்க்கவில்லை. நிறுவனம் திவாலானால், வீடு வாங்கியவருக்கு 2018 திருத்தத்துக்குப் பிறகு கடன் கொடுத்தவர் என்ற இடம் உண்டு. டெபாசிட் கட்டியவருக்கு அப்படி எழுதிவைக்கப்படவில்லை. 30 லட்சம் டெபாசிட் என்றால், நடைமுறையில் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் அடமானம் இல்லாமல் கொடுத்த கைமாற்று அது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் முடித்துவிடாதீர்கள்.

சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2019 சட்டப்படி, வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் 76 வயதில், தனக்குச் சோறு போடுகிறவர் மீது வழக்குப் போட்டுவிட்டு, அன்று ராத்திரி அதே டைனிங் ஹாலில் போய் உட்கார எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்? அதனால்தான் சொல்கிறேன், சண்டைக்கான நேரம் கையெழுத்துக்கு முன்புதான். இரவில் எத்தனை நர்ஸ், எத்தனை வீட்டுக்கு ஒருவர், மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில், வராவிட்டால் கட்டணத்தில் என்ன கழிவு, நிறுவனம் மாறினால் குடியிருப்போர் சங்கத்துக்கு என்ன அதிகாரம்? இவை அந்த இரண்டாவது பத்திரத்தில் எண்களாக இருக்க வேண்டும். ‘உயர்தர சேவை’ என்று எழுதியிருந்தால் அதற்குப் பெயர் ஒப்பந்தம் இல்லை, விளம்பரம்.

கணக்குப் போடலாம்

மாத சேவைக் கட்டணம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அபார்ட்மென்ட் சங்கங்களின் பராமரிப்புக் கட்டணத்துக்கு மாதம் 7,500 வரை ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது; நிறுவனம் நடத்தும் சேவைக்கு அந்தச் சலுகை கிடையாது. 18 சதவீதம் சேர்த்தால் 29,500. ஒப்பந்தத்தில் ‘ஆண்டுக்கு 8 சதவீதம் வரை உயரலாம்’ என்று ஒரு வரி இருக்கும். 25,000 ரூபாய் ஒன்பதே வருடத்தில் 50,000 ஆகிவிடும். எதிர்ப்பக்கம் வருமானத்தைப் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தையும் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மாதக் கணக்குக்கு 20,500 ரூபாய். ஐந்து வருடத்துக்கு அது அப்படியே நிற்கும். செலவு ஏறும், வரவு ஏறாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தம்பதியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. எங்கள் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். பழைய பென்ஷன் முறையில் ஓய்வூதியம், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அவர் போன பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக 30 சதவீதம். 60,000 அடிப்படைச் சம்பளம் என்றால் 30,000 வந்துகொண்டிருந்த இடத்தில் 18,000. அகவிலைப்படி இரண்டுக்கும் தனி. வருமானம் ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. சேவைக் கட்டணம் அப்படிக் குறையுமா? சாப்பாட்டுக் காசு குறையும். பராமரிப்புக் கட்டணம் பல இடங்களில் சதுர அடிக் கணக்கு என்பதால் அப்படியே இருக்கும். ஆகவே ‘இருவருக்கு எவ்வளவு’ என்று கேட்பதைவிட, ‘எங்களில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் எவ்வளவு’ என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான். மார்க்கெட்டிங் தம்பிக்குப் பழக்கமில்லாத கேள்வியும்கூட.

வாங்கிய வீட்டைத் திரும்ப விற்பதும் லேசில்லை. 60 வயது ஆகாத வாரிசு அங்கே குடியிருக்க முடியாது. இன்னொரு முதியவருக்குத்தான் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியும். விற்கும் வரை, பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மறுபக்கம், வீட்டிலேயே இருந்தால்? திருச்சியில் ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு எங்களிடம் மாதம் 20,000 வரை கேட்டார்கள். சாப்பாடு தனி. அவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் வருவது சந்தேகம். பணம் என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல ஆள் அமைந்தால் வீடுதான் சுகம். அமைவதுதான் கேள்வி.

மீன் குழம்பும் ஓயாமாரியும்

அப்பாயியின் கேள்விக்குப் பதில்: வைக்க மாட்டார்கள். நான் போன இரண்டு இடத்திலும் பொதுச் சமையலறை சைவம்தான். ஒன்றில், ‘உங்கள் வீட்டுக்குள் நீங்கள் சமைத்துக்கொள்ளலாம்’ என்றார்கள். மற்றதில் அதுவும் கூடாது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் யாருக்காகக் கட்டுகிறோம், யார் வர வேண்டாம் என்பதை போர்டு வைக்காமலே சொல்லிவிடும் வழி அது. ஞாயிற்றுக்கிழமை கெளுத்தி மீன் இல்லாமல் 76 வருஷம் இருந்ததில்லை எங்கள் அப்பாயி. மிச்ச ஞாயிறுகளை அவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அடுத்து அவர் கேட்டது: “நான் செத்தா என்னைய எங்க கொண்டுபோவீங்க? ஓயாமாரிக்குத்தானே? தாத்தாவ அங்கதான் வச்சோம்.” யாரும் பதில் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. இறந்தால் உடலை வீட்டில் வைக்க அனுமதி உண்டா, சொந்தக்காரர்கள் வந்து உட்கார இடம் உண்டா, ஃப்ரீசர் பெட்டி இருக்கிறதா, சொந்த ஊருக்குக் கொண்டுபோக யார் உதவுவார்கள்? ஓர் இடத்தில் இதற்குத் தெளிவான நடைமுறை இருந்தது. இன்னோர் இடத்தில் அந்த மேடம் முகம் சுளித்து, “நெகட்டிவா ஏன் சார் பேசறீங்க?” என்றார். முதியவர்களுக்கென்றே கட்டிய வளாகத்தில் சாவு நெகட்டிவ் பேச்சாம்.

மறதி நோய் வந்தால் என்ன என்பதையும் கேட்டேன். இந்தக் குடியிருப்புகள் பெரும்பாலும் நடமாட்டம் உள்ளவர்களுக்கானவை. படுக்கையில் விழுந்தாலோ, ஞாபகம் தப்பினாலோ ‘அசிஸ்டட் லிவிங்’ பிரிவுக்கு மாற வேண்டும். அதற்குக் கட்டணம் வேறு. அந்தப் பிரிவே இல்லாத இடமும் உண்டு. அங்கே ஒப்பந்தத்தில், ‘உடல்நிலை மாறினால் குடும்பத்தினர் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அதாவது, எந்த நாளுக்குப் பயந்து அங்கே போகிறோமோ, அந்த நாள் வந்ததும் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற பக்கங்களைப் படியுங்கள்.

யார் பேரில்?

பெரியப்பா நல்ல மனசோடுதான் சொன்னார்: “நான் வாங்கித் தரேன். என் பேர்லயே இருக்கட்டும்.” வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கும் இடங்களில் இதுதான் வழக்கம். பிள்ளை பேரில் வீடு இருந்தால், பெற்றோர் அங்கே சட்டப்படி விருந்தாளி. நாளைக்குப் பிள்ளைக்கு வேலை போகலாம், விவாகரத்து வரலாம், அவரே முந்திக்கொள்ளலாம். ஒன்று, பெற்றோர் பேரிலேயே வாங்குங்கள். இல்லையென்றால், அவர்களுக்கு ஆயுள்கால அனுபவ உரிமையைப் பத்திரத்தில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று, போகும் முன் உறையூர் வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. வேண்டாம் என்று நான் சொன்னேன், அத்தைக்கு என்மேல் இன்னும் வருத்தம். 2007 சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வாங்கிய சொத்தைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்ததா என்பதில்தான் வழக்குகள் சிக்கின. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-ல் ஒரு தீர்ப்பில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோர் நலன் கருதி இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்பு சாதகமாக வரலாம். ஆனால் ஆர்டிஓ அலுவலக வாசலில் அப்பாயி ஏன் நிற்க வேண்டும்? எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். போய் ஒரு வருஷமாவது ஆகாமல் பழைய வீட்டை விற்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர ஒரு கதவு வேண்டும். (சந்தேகம், புகார் எதுவானாலும் முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.)

என் கருத்தைக் கேட்டால்: தம்பதியாக, நடமாட்டத்தோடு, சொந்தப் பென்ஷனோடு, தாங்களே ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு சீனியர் லிவிங் நல்ல ஏற்பாடு. பிள்ளைகளின் பயத்துக்கு மருந்தாக, ஊரோடு ஒட்டிப்போன ஒருவரைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைப்பதற்கு அது சரிப்படாது. எங்கள் வீடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இப்போதைக்கு பாத்ரூமில் இரண்டு ஸ்டீல் கைப்பிடி பொருத்தியாயிற்று. ராத்திரி செல்போன் அப்பாயியின் கழுத்தில் தொங்குகிறது. தாலிக்கொடி மாதிரி இருக்கு என்று திட்டுகிறார். பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து, கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை முடிந்து திரும்பிப் போன பிறகு, ஒரே ஒரு மாதம் வாடகைக்குப் போய் இருந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அந்த மூன்று நிமிட நர்ஸ் இருக்கும் இடத்துக்கு. நெத்திலிக் கருவாடு கையோடு எடுத்துப்போவதாகத் திட்டம். அதை நான் நிர்வாகத்திடம் சொல்லவில்லை.

சேவை ஒப்பந்தத்தின் நகல் கேட்டு இரண்டு நிறுவனங்களுக்கும் மெயில் அனுப்பினேன். ஒருவர், முன்பணம் கட்டினால்தான் தருவோம் என்றார். இன்னொருவர் அனுப்பிவைத்தார். 38 பக்கம், முழுக்க ஆங்கிலம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாயிக்கு ஃபோனில் தமிழில் படித்துச் சொல்கிறேன். இப்போது 14-ம் பக்கத்தில் இருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் இரண்டு கேள்வி கேட்கிறார்.